புல்லின் மணம் புட்டியில். புட்டியின் லாபம் யார் கையில்?

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பாதையில் சுமார் 13 கிலோமீட்டர் போனால் மாட்டுப்பட்டி. ஒரு பக்கம் அணைக்கட்டின் நீர்ப்பரப்பு. மறுபக்கம் தேயிலைச் சரிவு. 1963-ல் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டமாகத் தொடங்கிய கால்நடைப் பண்ணை, ஊர்ப் பெயருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். காலையிலும் மாலையிலும் குளிர் உடம்பைக் கவ்வும்.

வேனிலிருந்து இறங்கும் சுற்றுலாப் பயணி இங்கே முதலில் செய்வது என்ன? படகுச் சவாரிக்குச் சீட்டு வாங்குவது அல்ல. மூச்சை நன்றாக இழுத்து விடுவதுதான். யூகலிப்டஸ் மரங்களின் மணமும் ஈரமண்ணின் வாசனையும் கலந்த காற்று அவரை ஒரு நிமிஷம் நிறுத்திவிடுகிறது. அந்தக் காற்றைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதா என்று நினைக்காதவர் குறைவு.

மூணாறு வட்டாரக் கடைகளில் அதற்காகக் கிடைப்பது தைலப் புட்டி. தலைவலிக்கும் ஜலதோஷத்துக்கும் என்று வாங்கிப்போகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அது மருந்துப் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆனால், இப்போது நகரத்து வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் வேறொரு புட்டி கூடத்து மேஜை மேலேயே இடம் பிடித்திருக்கிறது. சிறு கழுத்துள்ள கண்ணாடிப் புட்டி. அதற்குள் வாசனைத் திரவம். அதில் செருகிய ஆறேழு குச்சிகள். நெருப்பு இல்லை, புகை இல்லை, மின்சாரம் இல்லை. இரண்டு மூன்று மாதம் அறையில் மெல்லிய மணம் வீசிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் ரீட் டிஃப்யூசர் என்கிறார்கள். தமிழில் மணக்குச்சிப் புட்டி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு தராசும், அளவுக் குவளையும், பொறுமையும் போதும். அப்படியானால் இந்த மலையிலே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு கைத்தொழில் ஆகுமா? இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

லயத்து வீட்டுக் கவலை

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றும் இந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறார்கள். வேலை இருக்கும்வரை லயத்து வீடு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரில் நிலமும் இல்லை, இங்கே மனையும் இல்லை என்ற நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் வந்து உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. அந்த ஆண்டுப் பேச்சுவார்த்தையின் முடிவில் தேயிலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது 301 ரூபாய். கூலி என்பது பேசிப் பேசி, போராடிப் போராடி உயர வேண்டிய ஒன்று என்பதை அந்தப் போராட்டம் நாடு முழுவதற்கும் காட்டியது.

கூலிக்கு வெளியே ஒரு சிறு வருமானம் வேண்டும் என்ற எண்ணம் இந்த நிலையில்தான் பிறக்கிறது. தையல், கோழி, ஒரு பசு, வாசலில் நாலு பாத்தி காய்கறி என்று பலரும் முயன்று பார்த்திருக்கிறார்கள். மணக்குச்சிப் புட்டியையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாயமந்திரம் ஒன்றும் இதில் இல்லை. ஆனால், இந்த மண்ணுக்கும் வாசனைத் தைலத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

கொச்சி எண்ணெயின் கதை

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைப் பாதையில் இறங்கினால், தேயிலை முடிந்து மறையூர் வருகிறது. அதற்கப்பால் சின்னாறு காடு. இது மழை மறைவுப் பிரதேசம். மாட்டுப்பட்டியின் குளிருக்கு ஒத்துவராத ஒரு புல், இந்த இளம்சூட்டு மலைச்சரிவில் செழித்து வளர்கிறது. அதுதான் இஞ்சிப்புல். எலுமிச்சைப்புல் என்றும் வாசனைப்புல் என்றும் சொல்வார்கள். இலையைக் கசக்கினால் எலுமிச்சம்பழத்தின் மணம் கையில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பகுதியின் முதுவான் மக்களும் மற்றப் பழங்குடியினரும் இந்தப் புல்லை அறுத்துத் தைலம் வடித்து விற்பது நெடுநாள் வழக்கம். மலையாளத்தில் இதற்குப் புல்தைலம் என்று பெயர்.

இந்தப் புல்தைலம் ஒரு காலத்தில் உலகத்தையே ஆண்டது என்றால் மிகையில்லை. கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால், உலக வாசனைச் சந்தையில் அதற்குக் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர். 1950-களின் தொடக்கத்தில் இந்தியா ஆண்டுக்கு 1,800 டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது. உலக வாணிபமே ஏறக்குறைய நம் கையில் இருந்தது. அதில் பெரும்பகுதி கேரளத்தின் மலைச்சரிவுகளில் விளைந்ததுதான். பெரும்பாவூருக்கு அருகே ஓடக்காலியில் 1951-ல் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அது இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ், நறுமணச் செடிகளுக்கும் மூலிகைகளுக்குமான நிலையமாக இருக்கிறது. 'சுகந்தி' என்ற நல்ல ரகம் அங்கே உருவானதுதான்.

அந்தத் தைலம் எதற்குப் போனது? சோப்புக்குப் போனது, வாசனைத் திரவியங்களுக்குப் போனது. இந்தத் தைலத்தில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு வரை 'சிட்ரால்' என்னும் பொருள் இருக்கிறது. அதிலிருந்து வயலட் பூவின் மணத்தைச் செய்தார்கள். வைட்டமின் 'ஏ' மருந்தையும் செய்தார்கள். நம் மலையிலிருந்து டிரம் டிரம்மாகப் போன தைலம், வெளிநாட்டில் சிறு சிறு புட்டிகளாகி, பல மடங்கு விலையில் விற்றது.

பிறகு நடந்தது என்ன? சிட்ராலைச் செயற்கையாகவே, பெட்ரோலியப் பொருள்களிலிருந்து, தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். குவாதமாலா போன்ற நாடுகளும் புல் பயிரிட்டன. சீனாவிலிருந்து வேறொரு காயின் எண்ணெய் சிட்ராலுக்காகவே வந்தது. நம் தைலத்தின் விலை விழுந்தது. புல் இருந்த மலைகளில் ரப்பர் ஏறியது. டிரம்மில் விற்றவனுக்கு விலையைச் சொல்லும் அதிகாரம் ஒருநாளும் இருந்ததில்லை. வாங்குகிறவன் வேறிடம் பார்த்துக்கொண்டபோது, இவன் கையில் புல்லும் அடுப்பும் மட்டும் மிஞ்சின.

மணக்குச்சிப் புட்டியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய கதை நினைவில் இருக்க வேண்டும். மணம் இங்கே விளைந்தது. லாபமோ அதைப் புட்டியில் அடைத்தவனுக்குப் போனது.

நூறு கிலோவுக்கு நானூறு கிராம்

தைலம் வடிப்பது பார்க்க எளிது, உழைப்பு அதிகம். நட்ட மூன்று மாதத்தில் முதல் அறுப்பு. பிறகு ஐம்பது அறுபது நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒருமுறை நட்டால் ஐந்தாறு வருஷம் வரை பலன் தரும். அறுத்த புல்லைச் சற்று வாடவிட்டு, பெரிய அண்டாவில் நெருக்கிக் கட்டி அடைத்து, கீழே தண்ணீர் விட்டு நெருப்பு மூட்டுகிறார்கள். நீராவி புல்லுக்குள் புகுந்து தைலத்தையும் இழுத்துக்கொண்டு குழாய் வழியே வெளியேறும். அந்தக் குழாய் குளிர்ந்த ஓடைத் தண்ணீருக்குள் போகும்போது ஆவி மறுபடியும் நீராகும். தைலம் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். அதை வடித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓர் அடுப்பு முடிய இரண்டு மணி முதல் நாலு மணி நேரம் வரை ஆகும்.

கிடைப்பது எவ்வளவு? நூறு கிலோ பச்சைப் புல்லுக்கு இருநூறு கிராம் முதல் நானூறு கிராம் வரை. ஒரு கிலோ தைலம் வேண்டுமானால் கால் டன் முதல் அரை டன் வரை புல் அறுக்க வேண்டும். வடித்த தைலத்தில் தண்ணீர் கலந்திருக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. காற்றுக்கு இடம் விடாமல், வாய்வரை நிரப்பி, நிறமுள்ள கண்ணாடியிலோ அலுமினியத்திலோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள்பட மணம் கெட்டுப்போகும்.

லயத்தில் இருப்பவர் தைலம் வடிக்கும் வேலையில் இறங்க வேண்டியதில்லை. நிலமும் விறகும் ஓடையும் அதற்கு வேண்டும். விறகுக்காகக் காடு அழிவது ஏற்கெனவே ஒரு பிரச்சினை. வடிக்கத் தெரிந்தவர்களிடம் வாங்குவதே முறை. மறையூரில் பழங்குடியினரின் விளைபொருள்களை இடைத்தரகர் இல்லாமல் விற்பதற்காக வனத்துறை முன்னின்று 'சில்ல' என்ற சந்தையை ஏற்படுத்தியது. அத்தகைய இடத்தில் நேரே வாங்கினால், வடித்தவருக்கும் நியாய விலை. வாங்கியவருக்கும் கலப்படம் இல்லாத சரக்கு.

மாட்டுப்பட்டியைச் சுற்றிலும் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களோ தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகாக வளர்க்கப்பட்டவை. நீலகிரித் தைலம் என்று பேர்பெற்றது வேறு வகை யூகலிப்டஸ். 1843-ல் நீலகிரிக்கு வந்த மரம். ஆகவே, வாசலில் விழுந்த இலையையெல்லாம் தைலம் என்று எண்ண வேண்டாம்.

குச்சி எப்படி வேலை செய்கிறது?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேட்டியின் நுனி வாளித் தண்ணீரில் பட்டால் சற்று நேரத்தில் ஒரு முழம் நனைந்துவிடுகிறது. நுண்ணிய துவாரங்களில் திரவம் தானாகவே மேலே ஏறும் இயல்புதான் அது. மணக்குச்சியிலும் இதுதான் நடக்கிறது. புட்டியிலுள்ள வாசனைத் திரவம் குச்சி வழியே ஏறி, மேல்பகுதி முழுவதும் நனைத்து, காற்றில் மெல்ல மெல்லக் கலக்கிறது.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. கோடையில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தவர்கள் நம் பாட்டன்மார்கள். பானைத் தண்ணீரில் வெட்டிவேர், பீரோவுக்குள் தாழம்பூ மடல், சாயங்காலம் சாம்பிராணி என்று வீட்டுக்கு மணம் ஊட்டத் தெரிந்த ஜனங்கள் நாம். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் செய்த வேலையை இங்கே குச்சி செய்கிறது.

எந்தக் குச்சி என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஊதுபத்திக்கு உள்ள மூங்கில் குச்சி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிச் செருகுகிறார்கள். மூங்கிலின் நாரில் திரவம் தாராளமாக ஏறாது. நடுவில் கணு வந்தால் ஏற்றம் அங்கேயே தடைப்படும். இதற்கு வேண்டியது பிரம்புக் குச்சி. பிரம்புக்குள் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை மயிரிழை போன்ற குழாய்கள் பல ஓடுகின்றன. மூன்று நாலு மில்லிமீட்டர் கனம், இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம் போதும். செயற்கை நாரில் செய்த குச்சிகளும் கடையில் உண்டு. காட்டில் பிரம்பு வெட்டலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அது வனப்பொருள், அனுமதியின்றி வெட்டினால் வழக்கு வரும்.

அடுத்தது, தைலத்தைக் கலக்கும் திரவம். தைலத்தைத் தனியாக ஊற்றினால் செலவு தாங்காது. மணமும் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் தைலம் கரையாது. தேங்காய் எண்ணெய் கெட்டியானது. மாட்டுப்பட்டிக் குளிரில் உறைந்தே போகும். குச்சியின் துவாரத்தையும் அடைக்கும். சாராயச் சத்து நன்றாக வேலை செய்யும் என்று சொல்வார்கள். ஆனால், அது ஆயத்தீர்வைச் சட்டத்துக்கு உட்பட்ட பொருள், உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துத் தொழில் செய்ய முடியாது, எளிதில் தீப்பற்றும். வாசனைச் சரக்கு விற்கும் கடைகளில் 'டிஃப்யூசர் பேஸ்' என்று கேட்டால் இதற்கென்றே தயாரித்த கிளைக்கால் வகைத் திரவம் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே நல்லது.

நூறு மில்லி புட்டிக்கு இருபது முதல் இருபத்தைந்து மில்லி தைலம், மீதி இந்தத் திரவம் என்பது பொதுவான அளவு. இரண்டையும் கண்ணாடிக் குவளையில் கலக்கி, ஒரு நாள் மூடிவைத்து, தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கியோ பிரிந்தோ நின்றால் அந்தக் கலவை உதவாது. பிளாஸ்டிக் பாத்திரம் கூடாது. புல்தைலம் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். புட்டியின் கழுத்து குறுகலாக இருந்தால் திரவம் வீணாக ஆவியாகாது.

குளிரில் செய்து வெயிலில் விற்பது

மாட்டுப்பட்டியில் செய்பவருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே அறையின் குளிரில் தைலம் மெதுவாகத்தான் ஆவியாகும். செய்தவர் மோந்து பார்த்து, "மணம் போதவில்லை" என்று இன்னும் தைலம் சேர்ப்பார். இன்னும் இரண்டு குச்சி சேர்ப்பார். அந்தப் புட்டியை வாங்குகிறவரோ கொச்சியிலோ சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர். அங்கே போனதும் முதல் வாரம் மணம் தலைவலி தரும். மாதம் முடிவதற்குள் புட்டி காலியாகிவிடும். "மூணாறில் வாங்கினேன், ஏமாந்தேன்" என்பார்.

இதற்கு ஒரு வழி உண்டு. விற்பதற்கு முன் ஐந்தாறு புட்டிகளைச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். இரண்டை வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியைத் தேனியிலோ எர்ணாகுளத்திலோ உள்ள உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். வாரம் ஒருமுறை சமையல் தராசில் புட்டியை நிறுத்து, எடையை நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை கிராம் ஆவியாகிவிட்டது என்று பொருள். இரண்டு மாதக் கணக்கு கையில் இருந்தால், எத்தனை குச்சி, எவ்வளவு தைலம் என்பது தானே தெரிந்துவிடும்.

இன்னொன்று: செய்பவரின் மூக்கை நம்பக் கூடாது. நாள் முழுவதும் ஒரே மணத்தில் இருக்கும் மூக்கு மரத்துப்போகும். வெளியிலிருந்து அப்போதுதான் வந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்பதே சரியான சோதனை.

கூலியை எழுதாத கணக்கு

வீட்டுத் தொழில்கள் படுத்துப்போவது பெரும்பாலும் கணக்கில்தான். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இதில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் வாங்கும் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புல்தைலம் கிலோ 1,500 ரூபாய் என்று கொள்வோம். தைலம் லேசானது; 25 மில்லி என்பது சுமார் 22 கிராம்தான். ஆகவே 33 ரூபாய். கலக்கும் திரவம் கிலோ 300 ரூபாய் என்றால் 75 மில்லிக்கு 23 ரூபாய். புட்டியும் மூடியும் 40. பிரம்புக் குச்சி எட்டு, ஒன்று இரண்டு ரூபாய் வீதம் 16. லேபிளும் அட்டைப் பெட்டியும் 20. மொத்தம் 132 ரூபாய். உடைசல், ஒழுகல், சோதனைச் செலவுக்கு நூற்றுக்குப் பத்து வைத்தால் 13. ஆக 145.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். "145 ரூபாய்ச் சரக்கை 250-க்கு விற்றேன், 105 லாபம்" என்று மகிழ்கிறார்கள். புட்டி கழுவியது யார்? கலக்கியது, ஊற்றியது, லேபிள் ஒட்டியது, பெட்டி மடித்தது யார்? ஒரு பெண் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் இருபது புட்டி முடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நாட்கூலி 500 ரூபாய் என்றால் புட்டிக்கு 25 ரூபாய். இப்போது அடக்கம் 170.

கடைக்காரரிடம் கொடுத்து விற்றால் அவர் கழிவு கேட்பார். நூற்றுக்கு முப்பது என்று கொண்டால், 250 ரூபாய்ப் புட்டிக்கு 75 ரூபாய் அவருக்கு. செய்தவர் கைக்கு வருவது 175. அடக்கம் போக மிச்சம் ஐந்தே ரூபாய்! 300 ரூபாய்க்கு விற்றால் கழிவு 90, கைக்கு 210, மிச்சம் 40. அதே புட்டியை இடைக்கடை இல்லாமல் நேரே 300-க்கு விற்றால் மிச்சம் 130.

இந்தக் கணக்கு சொல்வது இதுதான். விலையைக் குறைத்து விற்கும் போட்டியில் இறங்கினால், முதலில் காணாமல் போவது வீட்டுப் பெண்ணின் கூலி. கொழுந்துக் காட்டில் தராசு முள்ளைக் கவனித்துப் பார்க்கும் அதே பெண், தன் வீட்டுத் தொழிலில் தன் உழைப்பை நிறுக்காமல் விட்டுவிடுகிறாள். கொச்சி எண்ணெய் காலத்தில் டிரம்மோடு போன லாபம் இப்போது கடைக்காரரின் அலமாரியோடு போகும், அவ்வளவே வித்தியாசம். நோட்டின் முதல் வரியாகக் கூலியை எழுதிவிட்டுத்தான் மற்றச் செலவை எழுத வேண்டும்.

தனியாக அல்ல, கூட்டாக

ஒருவர் பத்துப் புட்டி வாங்கினால் ஒரு விலை; ஆயிரம் வாங்கினால் வேறு விலை. ஆகவே இந்தத் தொழில் கூட்டாகச் செய்யத் தக்கது. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்கள் பத்து முதல் இருபது பெண்கள் வரை சேர்ந்து சேமிக்கவும், கடன் பெறவும், சிறுதொழில் நடத்தவும் வழி செய்கின்றன. மொழி தெரியாது என்று தமிழ்ப் பெண்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். மனு எழுதத் தெரிந்த ஆபீஸ் குமாஸ்தாக்கள் இதில் ஒரு கை கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். மத்திய அரசின் 'உத்யம்' பதிவும் கட்டணமில்லாமல் செய்துகொள்ளக் கூடியது.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கைவேலை வெளியுலகில் விலைபோகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மூணாறிலுள்ள 'ஸ்ருஷ்டி'யைப் பார்க்கலாம். தொழிலாளர் வீட்டு ஊனமுற்ற பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அந்த அமைப்பில், கையால் காகிதம் செய்கிறார்கள். செடி கொடிகளிலிருந்து எடுத்த சாயத்தில் துணி தோய்க்கிறார்கள். மலையில் கிடைப்பதை மலையிலேயே பண்டமாக்கி விற்க முடியும் என்பதற்கு அது கண்முன் சான்று.

கவனிக்க வேண்டியவை

சட்டம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமும் கூடாது. புட்டியில் அடைத்து விற்கும் எந்தப் பொருளுக்கும், 2011-ன் பொட்டலப் பொருள் விதிகளின்படி, செய்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, செய்த மாதமும் வருஷமும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். எடை அளவுத் துறையில் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

"கொசுவை விரட்டும்" என்று லேபிளில் போடுவது பலருக்கும் ஆசை. புல்தைலத்துக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது உண்மைதான். ஆனால், கொசு விரட்டி என்று விற்க 1968-ன் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு வேண்டும். "சளி நீங்கும்" என்று போட்டால் மருந்துச் சட்டம் குறுக்கே வரும். "அறைக்கு மணம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. செயற்கை வாசனை கலந்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்தன மணம் கேட்பார்கள். மறையூர்ச் சந்தனக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. கணக்கில்லாத சந்தனக் கட்டையையோ எண்ணெயையோ கையால் தொடவும் கூடாது.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். புல்தைலம் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தரும். கலக்கும்போது கையுறை வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் இந்த வேலையே ஆகாது. ஒற்றை அறை லயத்தில் சமையலும் இதுவும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. சிறு குழந்தை யூகலிப்டஸ் தைலத்தை ஒரு ஸ்பூன் அளவு குடித்தாலே உயிருக்கு ஆபத்து. புட்டிகள் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். லேபிளிலும் அந்த எச்சரிக்கை தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இருப்பது நல்லது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பூனை வளர்க்கும் வீட்டில் இத்தகைய தைலங்கள் அந்தப் பிராணிக்கு ஆகாது என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவது நாணயம்.

முதலில் இருபது புட்டி

கடன் வாங்கித் தொடங்க வேண்டிய தொழில் அல்ல இது. நாலு பேர் சேர்ந்து இருபது புட்டிக்கு வேண்டிய சரக்கை வாங்கினால் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஐந்தைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, மீதியை விற்றுப் பார்க்கலாம். வாங்கியவர் இரண்டாம் முறை கேட்டு வந்தால் தொழில் நிற்கும். வராவிட்டால் காரணம் என்ன என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த இருபது.

மூணாறுக்கு வரும் பயணிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் கொண்டுபோகும் பையில் தேயிலையும் ஏலக்காயும் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு புட்டிக்கும் இடம் உண்டு. அந்தப் புட்டியின் லேபிளில், செய்த இடம் என்ற வரியில், எங்கோ ஒரு நகரத்துக் கம்பெனியின் பெயருக்குப் பதிலாக 'மாட்டுப்பட்டி' என்று இருக்க வேண்டும். செய்தவளின் நோட்டில், அவளுடைய கூலியும் ஒரு வரியாக இருக்க வேண்டும்.